இரவில் பாடும் பெட்டி

சென்னை மாநகரின் தென்பகுதியில், மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, மந்தைவெளி, இராசா அண்ணாமலைபுரம் ஆகிய நான்கிற்கும் நடுவே அமைந்திருப்பது அபிராமபுரம். இசை கேட்டுப் பழகிய செவிகள் நிறைந்த பகுதி அது. மார்கழித் திங்கள் பிறந்துவிட்டால், அருகிலுள்ள டி. டி. கே. சாலையில் மியூசிக் அகாதெமியிலும் நாரத கான சபாவிலும் கச்சேரிகள் இடைவிடாது நிகழும். முதுமையினால் அரங்கிற்குச் செல்ல இயலாதவர்கள், தாம் சேர்த்து வைத்த பழைய பதிவுகளை வீட்டிலேயே கேட்டு மகிழ்வர். முன்னர் ஒலிநாடாக்களில் உறங்கிய அப்பதிவுகள், 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் மெல்ல மெல்லக் கணிப்பொறிக்குள் குடிபுகுந்தன.

அத்தகைய வீடு ஒன்றில் வாழும் மூதாட்டி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவருக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. ஒரு கண்ணில் புரை நீக்கும் அறுவை நடந்து முடிந்தது. மற்றொரு கண்ணில் புரை இன்னும் படர்ந்திருக்கிறது. இரவில் உறக்கம் வாராத வேளையில் எழுந்து, மகன் வெளிநாடு செல்லுமுன் அமைத்துக் கொடுத்த பழைய கணிப்பொறியில் பாட்டுக் கேட்பது அவர் வழக்கம். ஓர் இரவு பேத்தி விழித்தெழுந்து பார்த்தபோது, பாட்டி திரைக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருந்தார்.

“ஏன் பாட்டி, பாட்டு பிடிக்கவில்லையா?” என்று வினவினாள் பேத்தி.

“பாட்டுக்கு என்னம்மா குறை? இந்த வெள்ளைத் திரைதான் கண்ணைக் குத்துகிறது. அடுத்த பாட்டை எடுக்கலாம் என்று திரும்பினால் எழுத்தே தெரியவில்லை, பாலைக் கொட்டியதுபோல இருக்கிறது” என்றார் பாட்டி.

பாட்டி கூறியது வெறும் சலிப்புச் சொல் அன்று. கண்ணின் இயல்பை உள்ளபடி உரைத்த சொல். ஒளி, கண்ணின் பாவை வழியே நுழைந்து, விழியாடியால் குவிக்கப்பட்டு, விழித்திரையில் உருவமாக விழுகிறது. இளமையில் விழியாடி தெளிந்த நீர்போல் இருக்கும். வயது ஏற ஏற அது மஞ்சள் பாரித்து, புரை படரும்போது கலங்கிவிடுகிறது. கலங்கிய ஆடியில் நுழையும் ஒளி நேரே செல்லாது எப்புறமும் சிதறுகிறது. பனி மூடிய விடியற்காலையில் எதிரே வரும் பேருந்தின் முகப்பு விளக்கு, சாலை முழுவதையும் வெண்படலமாக்கி மறைப்பதைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். திரையில் எழுத்துகள் அடைத்துக்கொள்ளும் இடம் சிறிது. வெண்மையான வெற்றிடமோ பெரிது. அந்த வெற்றிடத்திலிருந்து வரும் ஒளியே சிதறி, எழுத்தின்மேல் திரையிட்டு அதை விழுங்கிவிடுகிறது.

இரவு என்பதும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. விழித்திரையிலுள்ள கோல் வடிவ உயிரணுக்களில் ரோடாப்சின் என்னும் செந்நிறப் பொருள் உண்டு. மங்கலான ஒளியிலும் பொருள்களைக் காண உதவுவது அதுவே. வெளிச்சம் பட்டால் அது வெளிறிப்போகும். மீண்டும் முழுமையாக ஊறுவதற்கு ஏறத்தாழ 30 நிமிடங்கள் ஆகும். எனவே, இருண்ட அறையில் வெண்திரையை நோக்கியவர், விளக்கில்லாமல் எழுந்து நடக்க முற்பட்டால் வாயிற்படியும் நாற்காலியும் அவர் கண்ணுக்குப் புலப்படா. எண்பது வயதில் ஒருமுறை இடறி விழுவது எத்தகைய துன்பத்தில் கொண்டுபோய் விடும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆகவே, திரையின் நிறத்தை மாற்றி, கருமையான பரப்பில் மங்கிய வண்ண எழுத்துகள் தோன்றச் செய்தல் வேண்டும். இன்றைய கணிப்பொறிகளில் இதற்கென ஒரு பொத்தானே உண்டு. விண்டோஸ் 10இல் 2016ஆம் ஆண்டு முதலும், ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணிப்பொறிகளில் 2018ஆம் ஆண்டு வெளிவந்த மொஹாவி என்னும் பதிப்பு முதலும், இருள் தோற்றம் அமைப்பிலேயே இடம்பெற்றது. ஆனால் பாட்டியின் கணிப்பொறி விண்டோஸ் எக்ஸ்பி காலத்தது. அதில் அப்பொத்தான் இல்லை.

பொத்தான் இல்லையே தவிர, வழி இல்லாமற் போகவில்லை. இன்னும் சொல்லப்போனால், அக்காலத்து இசை மென்பொருள்கள் இருளை நன்கு அறிந்தவை. இதற்குக் காரணம் அவற்றின் பிறப்பிலேயே அமைந்திருக்கிறது. கணிப்பொறி தோன்றுவதற்கு முன்பு இசை எதிலிருந்து பிறந்தது? வானொலிப் பெட்டியிலிருந்து அன்றோ! சென்னை வானொலி நிலையம் 1938ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அதன்பின் வீடுகளில் இடம்பிடித்த பெட்டிகளில், நிலையங்களைக் குறிக்கும் கண்ணாடிப் பட்டைக்குப் பின்னே மஞ்சள் விளக்கு ஒன்று மங்கலாக எரியும். சில பெட்டிகளில், அலை சரியாகப் பொருந்தியதைக் காட்டும் பச்சை ஒளிக்கண் ஒன்றும் மின்னும். கூடத்து விளக்கை அணைத்துவிட்டு அந்தப் பச்சைக் கண்ணைப் பார்த்தபடியே கச்சேரி கேட்டவர்கள் எத்தனையோ பேர். பின்னர் வந்த ஒலிநாடாப் பெட்டிகளும் கருநிற முகப்பில் பச்சை எண்கள் மின்னும்படி செய்யப்பட்டன.

கணிப்பொறியில் இசை கேட்பதற்கென மென்பொருள் செய்தவர்கள் இந்த முகப்பையே திரையில் வரைந்தனர். 1997ஆம் ஆண்டு, அமெரிக்க இளைஞராகிய ஜஸ்டின் பிராங்கல் என்பவர், திமித்ரி போல்திரேவ் என்பவரோடு சேர்ந்து வினாம்ப் என்னும் மென்பொருளை வெளியிட்டார். எம்.பி.3 என்னும் வடிவில் சுருக்கப்பட்ட பாடல்களை ஒலிக்கச் செய்வது அதன் வேலை. அதன் முதன்மைச் சாளரம் 275 புள்ளி அகலமும் 116 புள்ளி உயரமுமே உடையது. கருஞ்சாம்பல் நிற முகப்பு, அதில் பச்சை எண்கள், இசைக்கேற்ப எழுந்து தாழும் சிறு கோடுகள் என ஒலிப்பெட்டியின் சாயல் முழுவதும் அதில் விளங்கிற்று.

வினாம்பின் பெருமை அதன் நிறத்தில் மட்டும் இல்லை. 1998ஆம் ஆண்டில் அது ஸ்கின் என்னும் மேலுறை முறையைக் கொண்டுவந்தது. பாடலை ஒலிக்கச் செய்யும் உறுப்பு வேறு, கண்ணுக்குத் தோன்றும் முகப்பு வேறு எனப் பிரித்து வைத்ததே அம்முறையின் உட்பொருள். முகப்பு என்பது சில படக்கோப்புகளின் தொகுப்பு, அவ்வளவே. சாளரத்திற்கு ஒரு படம், பொத்தான்களுக்கு ஒரு படம், எண்களுக்கு ஒரு படம் என அவற்றை ஒன்றாகக் கட்டி ஒரு கோப்பாக்கி வைத்துவிட்டால் ஒரு மேலுறை ஆகிவிடும். கோவில் உற்சவருக்கு நாளொரு அலங்காரம் செய்வதுபோல, உள்ளிருக்கும் உரு மாறாமல் புறத்தோற்றத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மென்பொருள் எழுதத் தெரியாதவர்களும், படம் வரையத் தெரிந்த ஒரே காரணத்தால், தம் விருப்பப்படி மேலுறைகள் செய்தனர். அவ்வாறு உலகெங்கும் எழுந்தவற்றுள் 60,000க்கும் மேற்பட்டவை இன்று இணையத்தில் ஒரு காட்சிச்சாலையாகத் திரட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் அழகற்றவையும் மிகப் பல என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும், இருண்ட நிறத்தில் அமைந்தவை வேண்டிய அளவு உண்டு.

பாடல் வரிசையைக் காட்டும் சாளரத்தின் நிறம் இன்னும் எளிய முறையில் அமைந்தது. மேலுறைக்குள் இருக்கும் சிறிய உரைக்கோப்பு ஒன்றில், எழுத்தின் நிறம், ஒலிக்கும் பாடலின் நிறம், பின்புலத்தின் நிறம், எழுத்துருவின் பெயர் ஆகியவை வரிக்கு ஒன்றாக எழுதப்பட்டிருக்கும். நிறங்களைக் குறிப்பது ஆறு இலக்கக் குறியீடு. முதல் இரண்டு இலக்கங்கள் சிவப்பையும், அடுத்த இரண்டு பச்சையையும், கடைசி இரண்டு நீலத்தையும் குறிக்கும். ஒவ்வொன்றிலும் 256 படிகள் உண்டு. 000000 என்றால் மூன்று ஒளியும் இல்லை. அதாவது முழுக் கருமை. 998866 என்று எழுதினால் சிவப்பு சற்றே மிகுந்து, நீலம் குறைந்து, அரைத்த சந்தனம் உலர்ந்தாற்போன்ற மங்கிய நிறம் கிடைக்கும். சாதாரண உரை எழுதும் செயலி ஒன்றால் அக்கோப்பைத் திறந்து, இந்த இலக்கங்களை மாற்றிச் சேமித்தால் போதும்.

தமிழர்க்கு இங்கே ஒரு செய்தி இன்றியமையாதது. வினாம்பின் முதன்மைச் சாளரத்தில் பாடலின் பெயர் ஓடுவதற்கு, எழுத்துகளும் படமாகவே வரைந்து வைக்கப்பட்டன. ஓர் எழுத்துக்கு ஐந்து புள்ளி அகலம், ஆறு புள்ளி உயரம். அப்படத்தில் உரோமன் எழுத்துகளுக்கும் அவற்றைச் சார்ந்த சில குறிகளுக்கும் மட்டுமே இடம் இருந்தது. அச்சிறு கட்டத்தில் ‘ண’ கரத்தின் மூன்று சுழியை எவ்வாறு அடைப்பது! பாடல்களுக்குத் தமிழில் பெயரிட்டு வைத்தவர்கள் அங்கே தம் மொழியைக் காண இயலாது போயினர். பாடல் வரிசைச் சாளரமோ கணிப்பொறியின் எழுத்துருவையே பயன்படுத்துவது. ஆதலின், யூனிகோடு முறையை ஏற்கும் பிற்காலப் பதிப்பாக இருந்து, எக்ஸ்பியில் இந்திய எழுத்துகளுக்கான கூறும் நிறுவப்பட்டிருந்தால், லதா முதலிய தமிழ் எழுத்துருவில் பெயர்கள் அங்கே தெளிவாகத் தோன்றும். எழுத்தைப் பெரிதாக்கவும் அங்கே வழி உண்டு. முதியவர்களுக்கு முதன்மைச் சாளரத்தைக் காட்டிலும் இச்சாளரமே துணை.

மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் மீடியா பிளேயர், 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஏழாம் பதிப்பில் மேலுறைகளை ஏற்றது. 2006இல் வந்த பதினோராம் பதிப்பின் இயல்பான முகப்பே கறுப்புத்தான். எனினும் பாடல் பட்டியல் தோன்றும் நடுப்பகுதி வெண்மையாகவே நின்றுவிட்டது. மாடத்தை மட்டும் கரியாக்கிவிட்டுக் கூடத்தில் பகல்விளக்கு எரிய விட்டாற்போன்றது இது.

பிரான்சு நாட்டு மாணவர்கள் 1996இல் தொடங்கிய கல்லூரிப் பணியிலிருந்து வளர்ந்து, 2001 முதல் யாவர்க்கும் பொதுவாக வழங்கப்பட்ட வி.எல்.சி. என்னும் மென்பொருளும் மேலுறைகளை ஏற்கும். அதன் விருப்பத்தேர்வுப் பக்கத்தைக் கன்ட்ரோல் விசையையும் பி விசையையும் சேர்த்து அழுத்தித் திறக்கலாம். அங்கே இயல்பான தோற்றத்திற்குப் பதிலாகத் தனி மேலுறையைத் தேர்ந்து, கோப்பைக் காட்டிச் சேமித்தபின், மென்பொருளை ஒருமுறை மூடித் திறக்க வேண்டும். மூடித் திறக்காமல், ‘மாறவில்லையே’ என்று கைவிட்டவர்கள் பலர். படம் காண்பவர்க்கு வி.எல்.சி. மிகவும் ஏற்றது. திரைப்படத் தொகுப்பாளர்கள் இருண்ட அறையில் பணிபுரிவதன் காரணமும் இங்கே பொருந்தும். படத்தைச் சுற்றி வெண்மை சூழ்ந்திருந்தால், படத்திலுள்ள நிழற்பகுதிகள் ஒரே கருமையாகத் தோன்றி, அவற்றுள் அடங்கிய நுட்பங்கள் மறைந்துபோகும்.

மேலுறையை ஏற்காத மென்பொருள்களும் உண்டு. ஆப்பிள் நிறுவனம் 2001இல் வெளியிட்ட ஐடியூன்ஸ் அவ்வினத்தது. மேக் கணிப்பொறியில் 2018இல் அதற்கும் இருள் தோற்றம் கிடைத்தது. விண்டோசில் இயங்கிய ஐடியூன்சுக்கு அது வாய்க்கவில்லை. பாட்டியின் மகன் நிறுவிச் சென்றதும் மேலுறை ஏற்காத ஒரு மென்பொருளே. அத்தகையவற்றுக்குக் கணிப்பொறியின் அமைப்பிடமே இருளைக் கடனாகப் பெறுதல் வேண்டும். விண்டோசில், இடப்பக்கத்து ஆல்ட், ஷிப்ட் விசைகளோடு பிரிண்ட் ஸ்கிரீன் விசையையும் சேர்த்து அழுத்தினால், பார்வை குறைந்தோர்க்கென அமைந்த மிகு வேறுபாட்டுத் தோற்றம் வரும்; திரை கருமையாகி எழுத்துகள் ஒளிரும். ஆனால் எல்லா மென்பொருளும் இதற்குப் பணிவதில்லை. தன் நிறத்தை அமைப்பிடம் கேட்டுப் பெறும் மென்பொருள் பணியும். தானே வண்ணம் தீட்டிக்கொள்ளும் மென்பொருள் பணியாது. சிலவற்றில் எழுத்து மட்டும் மாறி, பின்புலம் மாறாது நின்று, வெள்ளையில் வெள்ளையாக எழுத்தே மறைவதும் உண்டு.

மற்றொரு வழி, திரையின் நிறங்கள் அனைத்தையும் தலைகீழாக்குவது. வெண்மை கருமையாகும், கருமை வெண்மையாகும். மேக் கணிப்பொறிகளிலும், விண்டோஸ் 7இன் உருப்பெருக்கிக் கருவியிலும் இவ்வசதி உண்டு. எந்த மென்பொருளும் இதிலிருந்து தப்ப முடியாது. ஆனால் படங்களும் தப்ப முடியாது. பழைய நிழற்படச் சுருளை ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்த்தாற்போல, முகங்கள் கறுத்துப் பற்களும் கறுத்துத் தோன்றும். பாட்டு மட்டும் கேட்பவர்க்கு இதனால் இழப்பு ஒன்றும் இல்லை. படம் பார்ப்பவர்க்கு இது பயன்படாது.

இருள் தோற்றம் எல்லார்க்கும் எந்நேரமும் நன்று என்று எண்ணுவது தவறு. நல்ல வெளிச்சமுள்ள பகற்பொழுதில், வெண்மையில் கரிய எழுத்தைப் படிப்பதே பெரும்பாலோர்க்கு எளிது. மிகுந்த ஒளியில் கண்ணின் பாவை சுருங்குவதால் உருவம் கூர்மை பெறுகிறது. இருண்ட திரையை நோக்கும்போது பாவை விரிவதால், கருவிழி வளைவில் குறையுடையவர்களுக்கு வெள்ளெழுத்துகள் ஒன்றோடொன்று கசிந்து கலப்பன போலத் தோன்றும். மின்செலவு குறையும் என்ற நம்பிக்கையும் பழைய கணிப்பொறிகளுக்கு அவ்வளவாகப் பொருந்துவதன்று. எல்.சி.டி. திரைகளில் பின்விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். கருமை என்பது அவ்விளக்கை மறைப்பதே அன்றி அணைப்பதன்று. ஆகையால், மேலுறையைத் தேடுமுன், திரையின் சட்டத்திலுள்ள பொத்தானால் ஒளியின் அளவைக் குறைத்துப் பார்ப்பதே முதற்செயலாக இருத்தல் வேண்டும். மிக எளிய இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

எச்சரிக்கை ஒன்றும் தேவை. எக்ஸ்பி அமைப்பு, மைக்ரோசாப்ட் ஒப்பமிட்ட அலங்காரங்களை மட்டுமே ஏற்கும்படி செய்யப்பட்டது. 2006இல் அந்நிறுவனமே வெளியிட்ட சூன் என்னும் கருநிற அலங்காரம் அவ்வாறு ஒப்பமிடப்பட்டது. பிறர் செய்தவற்றை ஏற்கச் செய்வதற்காக அமைப்பின் உட்கோப்பையே மாற்றியவர்கள் இருந்தனர். அது கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு வீட்டுக்கு வண்ணம் பூசுவதற்கு ஒப்பாகும். மேலும், எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாளோடு நின்றுபோயின. அக்கணிப்பொறியை இணையத்தோடு இணைக்காமல் பாட்டுக்கு மட்டுமே வைத்துக்கொள்வது நலம். வேண்டிய மேலுறையை வேறொரு கணிப்பொறியில் இறக்கி, ஆய்ந்து பார்த்து, அதன்பின் கொண்டுவரலாம். படங்களும் உரையும் மட்டுமே இருக்க வேண்டிய மேலுறை, இயங்கும் கோப்பாக வந்து நின்றால் அதை ஏற்கலாகாது.

பேத்தி இவற்றையெல்லாம் ஒரே இரவில் அறிந்துவிடவில்லை. முதல் நாள் திரையின் ஒளியைக் குறைத்தாள். பாட்டிக்குப் பாதித் துன்பம் தீர்ந்தது. மறுநாள் மிகு வேறுபாட்டுத் தோற்றத்தை முயன்றாள். பட்டியல் பாதி கறுத்தும் பாதி வெளுத்தும் நின்றது. அதன்பிறகே அவளுக்கு ஓர் உண்மை புலப்பட்டது. பாடல்கள் அந்த மென்பொருளுக்குள் இல்லை. அவை வட்டில் எம்.பி.3 கோப்புகளாகத் தனியே கிடக்கின்றன. எந்த மென்பொருள் அழைத்தாலும் அவை பாடும். உடனே வினாம்பை நிறுவி, பாடல் அடைவு முழுவதையும் அதன் வரிசைச் சாளரத்தில் இட்டாள். ஆல்ட் விசையோடு எஸ் விசையை அழுத்தி மேலுறைகளின் பட்டியலைத் திறந்து, கருநிற மேலுறை ஒன்றைத் தேர்ந்தாள். உரைக்கோப்பில் பின்புலத்திற்கு 000000 என்றும் எழுத்துக்கு 998866 என்றும் எழுதினாள். சாளரத்திற்குப் பின்னே தெரிந்த பசும்புல் வெளிப் படத்தையும் நீக்கி, முகப்புத் திரையைக் கறுப்பாக்கினாள். எழுத்தின் அளவைப் பெரிதாக்கினாள்.

அன்றிரவு பாட்டி கூடத்து விளக்கைப் போடாமலே வந்து அமர்ந்தார். கரிய திரையில் சந்தன நிறத்தில் பாடல்களின் பெயர்கள் தமிழில் வரிசையாக நின்றன. ஒலித்துக்கொண்டிருந்த பாடலின் பெயர் மட்டும் சற்று ஒளி மிகுந்து தோன்றியது.

“எங்கள் வீட்டுப் பழைய ரேடியோ மாதிரியே இருக்கிறதே!” என்றார் பாட்டி. பிறகு நாற்காலியைத் திரையின் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, பட்டியலின் கீழே கிடந்த ஒரு கல்யாணியைத் தாமே தேடி எடுத்தார்.